ஆயிரம் கட்டுப்படியாகாது என்று சொல்லியிருக்கலாம்

பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளி சாத்தூரிலிருந்து காராச்சேவு வாங்கி வந்திருக்கிறார். அதில் ஒரு பொட்டலத்தை அந்த வீட்டுப் பெண் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்தேன். பூண்டும் மிளகாயும் சேர்ந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறவில்லை. கோபம்தான் வந்தது. பொட்டலத்தை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டில் சீட்டு ஆடும்போது நடுவில் எவர்சில்வர் தட்டில் இதுதான் இருக்கும். எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டால் நீ என் முதுகில் ஒன்று வைப்பாய். "ஏட்டி மாரி, தொடச்சிட்டுத் தொடு" என்பாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னும் எல்லாருக்கும் கண் கலங்குகிறது. நானும் முதல் ஒரு மாதம் அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது? நீ செய்துவைத்துவிட்டுப் போன காரியம் இது.

நாம் இருவரும் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. பரீட்சை முடிந்த கையோடு உன்னை சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருந்த குடும்பத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் அதே ஊரில் இன்னொரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குப் போனேன். காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கிற மிஷினில் தொடங்கி, சூப்பர்வைசர் ஆக எனக்குப் பதினாறு வருஷம் ஆனது. என்னவர் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீடும் அங்கேதான். நீயும் நானும் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். நீ பட்டுப்புடவையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்வாய். அப்புறம் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் உன் மகன் ஒரு லீவுக்கு வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். காசுக்குப் பதிலாக வைத்து ஆட சிவப்பும் பச்சையும் கறுப்புமாய்ப் பிளாஸ்டிக் வில்லைகள், இரண்டு சீட்டுக்கட்டு. அவன் உனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். உனக்கோ ஆட ஆள் இல்லை. எனக்கு போன் செய்தாய். "ஞாயித்துக்கெழம என்ன செய்யுத? வா. மூணு சீட்டு மாதிரிதான், ஆனா மூளை வேணும்" என்றாய். மூளை வேணும் என்ற சொல்லுக்காகத்தான் நான் பஸ் ஏறினேன்.

நாம் நான்கு பேர். நீ, நான், உன் வீட்டுக்காரருக்கு அக்காவான ராஜாத்தி மதினி, அடுத்த தெருவில் பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுச் செல்வி அக்கா. வாரக் கூலி வாங்கியவள் நான் ஒருத்திதான். அது எனக்கு மறந்துபோகும் அளவுக்கு நீ ஒரு காரியம் செய்திருந்தாய். அதை மட்டும் நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

பை-இன், ரீ-பை என்று உன் மகன் என்னென்னவோ சொல்லிப் போயிருந்தான். நீ அதை "உக்காருற காசு" ஆக்கினாய். உட்கார இருநூறு. அதற்கு மேல் ஒருத்தியும் கொண்டுவரக் கூடாது, பத்தாயிரம் பர்சில் இருந்தாலும். இருநூறும் போய்விட்டால் இன்னும் ஒரே ஒரு இருநூறு. அதுவும் போனால் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட வேண்டும். மேசையில் ஒருத்திக்கு ஒருத்தி கடன் கொடுக்கக் கூடாது. வில்லைப் பெட்டி உன் மடியில். நீ வைத்ததுதான் சட்டம்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ செல்வி அக்கா இரண்டு இருநூறையும் தொலைத்துவிட்டுப் பர்சைத் திறந்தாள். நீ பெட்டியை மூடினாய்.

"இன்னும் ஒரு தடவ குடு. என் காசுதான?"

"உங்க காசுதாங்க்கா. ஆனா கணக்கு முடிஞ்சிருச்சு. எந்திரிங்க, டீயப் போடுங்க."

"நெசமாவா சொல்லுத?"

"சீனி மேல் தட்டுல இருக்கு."

செல்வி அக்கா எழுந்து போனாள். இருநூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளியின் மனைவி எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். "சீனி போதுமா பாரு மாரி" என்று கேட்டாள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று உனக்குத் தெரியும். நீ சிரிப்பை அடக்கச் சீட்டால் வாயை மூடிக்கொண்டாய். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருபது வயது குறைந்திருந்தது. அந்த மேசையில் எவளுக்கும் என்னைவிட அதிகமாகத் தோற்க உரிமை கிடையாது. அதனாலேயே நான் அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தீபாவளி செல்வி அக்கா வீட்டுக்கு நல்ல சீசன். தீபாவளி முடிந்து நாம் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"இருநூறுக்கு என்னத்த ஆடுறது? பயமே வரமாட்டேங்கு. ரெண்டாயிரம் வைப்போம். எத்தன தடவ வேணும்னாலும் வாங்கிக்கிடலாம்."

நீ உடனே மறுத்தாய். "எல்லைய வைக்கும்போது யாருக்கு அதிகம் இருக்குன்னு பாக்கக் கூடாதுக்கா. யாருக்குக் கம்மியோ அவுகள வச்சுத்தான் பாக்கணும்."

நல்ல பேச்சுதான். ஆனால் அதைச் சொன்னதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். நீயும் பார்த்தாய். உன் கண்ணில் இருந்த அந்த இரக்கத்தை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்? எனக்கு முகம் சுட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல. எம்புட்டு வேணும்னாலும் வைங்க" என்று சொல்லிவிட்டேன். தவறு என்னுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். நீ என் முழங்காலை மேசைக்கடியில் அழுத்தினாய், நான் காலை நகர்த்திக்கொண்டேன். கடைசியில் நீ ஆயிரத்தில் நிறுத்தினாய். உட்கார ஆயிரம், மறுபடி ஒரே ஒரு ஆயிரம்.

ஆயிரம் எனக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல். சனிக்கிழமை சம்பளத்தில் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை இரண்டு தடவை எண்ணுவேன். அதற்காகவே நான் வெறியோடு ஆடக் கற்றேன். ராத்திரிச் சோறு வேகிற நேரத்தில் மகளை எதிரே உட்காரவைத்துச் சீட்டுப் போடச் சொல்வேன். எந்தக் கையை வைத்துக்கொள்வது, எதைக் கவிழ்த்து விட்டுக்கொடுப்பது என்று நோட்டில் எழுதி வைத்தேன். செல்வி அக்கா நல்ல சீட்டு வந்தால் வளையலைத் தள்ளிவிடுவாள், மதினி மூச்சு விடமாட்டாள். எல்லாவற்றையும் கவனித்தேன். ஜெயித்தேன். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ஜெயித்தேன். இரண்டாவது ஆயிரத்தை நான் எடுக்க வேண்டி வந்தது மொத்தமே நாலைந்து முறைதான்.

அந்தக் கை உனக்கு நினைவிருக்கும். எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரித்த ஐந்து சீட்டில் மூன்று ஆட்டின். அதில் ஒன்று ராஜா. என் கையில் இரண்டு ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகி எவரையும் அடித்துவிடலாம். என் கையில் ஒன்றுகூட இல்லை. ஒன்றுமே இல்லை. இருப்பவள்போல மொத்த வில்லையையும் நடுவில் தள்ளினேன். செல்வி அக்கா என்னைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். எவ்வளவு நேரம்! என் கழுத்து நரம்பு துடிப்பது அவளுக்குத் தெரியுமோ என்று பயந்து சேலைத் தலைப்பை மேலே இழுத்துக்கொண்டேன். "அக்கா, டீ ஆறுது" என்றாய் நீ. அவள் பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கவிழ்த்தாள்.

அன்றைக்கு ஜெயித்த பணத்தில் மிக்சி வாங்கினேன். அரசாங்கம் கொடுத்த மிக்சி கெட்டுப்போய் ஒரு வருஷமாக அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கேட்டாள், "யாரும்மா வாங்கிக் குடுத்தா?" என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. "எவளும் குடுக்கல. உங்கம்மா மூளையால ஜெயிச்சது."

பங்குனிப் பொங்கல் முடிந்த நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து ராஜாத்தி மதினி போன் செய்தாள். "வீடு வெறிச்சுன்னு இருக்கு மாரி. எங்க வீட்டுல ஆடுவோம், வா" என்றாள். வேறொரு பெண்ணை நாலாவது ஆளாகச் சேர்க்கலாம் என்றாள். அன்று அந்தப் பெண் வரவில்லை. மூன்று பேர்தான். நான் ஆயிரத்தை எடுத்து வைத்தேன். மதினி அதை என் பக்கமே நகர்த்தினாள்.

"இனிமே இருநூறே வச்சுக்குவோம் மாரி. ஆயிரம் உனக்கு எதுக்கு? முன்ன மாதிரி பாத்துக்கிட இப்ப அவளும் இல்ல."

"முன்ன மாதிரின்னா?"

மதினி செல்வி அக்காவைப் பார்த்தாள். செல்வி அக்கா சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தாள். கலைத்துக் கலைத்து, போடவே இல்லை.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள் மதினி.

"என்ன தெரியும்? சொல்லுங்க மதினி."

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உன் நல்ல குணத்தைச் சொல்வதாகத்தான் நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஆயிரம் என்று முடிவான மறுநாளே நீ இருவர் வீட்டுக்கும் போயிருக்கிறாய். 'மாரி வீம்புக்கு ஒத்துக்கிட்டா. அவளுக்குத் தாங்காது. அவ மொத்தமும் போட்டா நீங்க கவுத்திருங்க. உங்களுக்கு வர்ற நட்டத்த நான் தாரேன்' என்று சொல்லியிருக்கிறாய். டீ ஆறுது என்று நீ சொன்னால் கவிழ்க்க வேண்டும். அதுதான் அடையாளம்.

செல்வி அக்காவிடம் கேட்டேன். "அந்த மூணு ஆட்டின் கை. உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்கக்கா."

"கையில ரெண்டு, மேசையில ஒண்ணு, மூணு ராஜா" என்றாள். "என்னன்னாலும் பாத்துருவோம்னுதான் இருந்தேன். அவ டீன்னு சொல்லிட்டா."

மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு என் வெறுங்கைக்குக் கவிழ்த்திருக்கிறாள். மறுநாள் நீ அவளுக்குப் பணம் கொடுத்திருக்கிறாய். நான் நரம்பு துடிக்க உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுவதும் மூன்று பேரும் ஒரு குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அவ என்ன ரொம்ப வசதியா இருந்துக்கிட்டு செஞ்சான்னா நெனைக்க?" மதினி பேசிக்கொண்டே போனாள். "எங்க தம்பி எண்ணித்தான குடுப்பான். கடைச் செலவுல அஞ்சும் பத்துமா மிச்சம் புடிச்சு வச்சிருந்து குடுத்தா. அப்படி உன்மேல உசுரு."

நான் ஆயிரத்தை மறுபடி மேசை நடுவில் வைத்தேன். "இன்னிக்கு ஆயிரம்தான். யாரும் எதையும் கவுக்கக் கூடாது. விட்டுக் குடுத்தீகன்னு தெரிஞ்சா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

ஆடினோம். அவர்கள் நிஜமாக ஆடினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். செல்வி அக்கா வளையலைத் தள்ளவே இல்லை. அதுவும் எனக்காகப் போட்ட நாடகமா என்று நான் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் முதல் ஆயிரம் போனது. இரண்டாவது ஆயிரம் கேஸ் சிலிண்டருக்கு வைத்திருந்தது. அதையும் எடுத்தேன். நல்ல கை ஒன்று வந்தது, இரண்டு ராணி. மொத்தத்தையும் தள்ளினேன். மதினி கண்ணீரோடே சீட்டைத் திருப்பினாள். இரண்டு ஏஸ். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் டீ போட்டேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

வீட்டில் என்னவரிடம் இரண்டாயிரம் போனதைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். அவர், "நல்லதுக்குத்தான செஞ்சிருக்கு அந்தப் புள்ள" என்றார். எல்லாரும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே உடம்பு எரிகிறது.

எவளுக்கு நல்லது? நான் நோட்டுப் போட்டுப் படித்தேன். மகளிடம் மூளையால் ஜெயித்தேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நான் எங்கே போய்த் திருப்பி வாங்குவது? நான் தோற்றிருந்தால் இரண்டு வாரத்தில் ஆட்டத்தை விட்டிருப்பேன். அல்லது வாயைத் திறந்து, முடியவில்லை, குறையுங்கள் என்று கேட்டிருப்பேன். வெட்கமாக இருந்திருக்கும். வெட்கம் ஒரு நாளில் போய்விடும். நீ கொடுத்த வெற்றி போகமாட்டேன் என்கிறது.

அதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. ஆயிரம் உனக்கே கட்டுப்படியாகவில்லை. பட்டும் நகையும் உன்னிடம் இருந்தன, உன் கையில் உன் பணம் என்று நூறு ரூபாய் இல்லை. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறாய், காய்கறிக் காசில்தான் என்னையும் உட்காரவைத்திருக்கிறாய். அன்று செல்வி அக்கா கேட்டபோது, "எனக்குக் கட்டுப்படியாகாதுக்கா, இருநூறே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உண்மைதானே அது. வீடு உன்னுடையது, பெட்டி உன் மடியில் இருந்தது. நீ சொன்னால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் உன் நாத்தனார் முன்னால் உனக்குத் தலையிறக்கம். அதனால் இல்லாதவள் என்ற பெயரை எனக்குக் கொடுத்துவிட்டு, இருப்பவள் என்ற இடத்தை நீ வைத்துக்கொண்டாய். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். உன் கையில் காசில்லை என்பதை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த என்னிடமிருந்து ஏன் மறைத்தாய்? எத்தனை தடவை உன்மேல் பொறாமைப்பட்டேன் தெரியுமா?

ஐப்பசிக்கு மேல் நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் ஆட ஆரம்பித்தோம். பைண்டிங்கில் என்னோடு வேலை பார்க்கும் தங்கம், அவள் தங்கை, பிறகு எதிர்வீட்டுப் பேச்சி. பேச்சிக்குப் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. புருஷன் இல்லை. வில்லை எங்களுக்கு ஏது, புளியங்கொட்டைதான்.

"உக்கார அம்பது வைப்போம்" என்றாள் தங்கம்.

மழையால் பேச்சிக்கு அந்த வாரம் இரண்டு நாள்தான் வேலை இருந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தெரியும், அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று.

"எனக்கு அம்பது கட்டுப்படியாகாது" என்றேன். "இருபது. தோத்தா இன்னொரு இருபது. அம்புட்டுதான்."

"சூப்பர்வைசரம்மாவுக்கே கட்டுப்படியாகலையா?" என்று தங்கத்தின் தங்கை சிரித்தாள்.

"ஆகல. கேஸுக்குக் கட்டணும்."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் கேலி செய்தார்கள். பிறகு சீட்டுப் போட்டோம். அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் ஆகவில்லை.

ஆனால் இதையும் கேள். அன்று பேச்சி இரண்டாவது இருபதையும் மொத்தமாகத் தள்ளினாள். என் கையில் நல்ல சீட்டு இருந்தது. ஜெயிப்பேன் என்று தெரியும். அவள் கொட்டைகளைத் தள்ளிய விரலில் மருந்துப்பொடி ஏறி நகம் வெள்ளிபோலப் பளபளத்தது. கவிழ்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? சீட்டைக் கவிழ்க்க என் கை பாதி தூரம் போய்விட்டது. உன்னை அப்போது புரிந்துகொண்டேன். புரிந்ததும் கோபம் இரட்டிப்பானது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது அது! எவ்வளவு சுகமாக இருக்கிறது!

சீட்டைத் திருப்பிக் காட்டினேன். பேச்சி உற்றுப் பார்த்தாள்.

"நாப்பதையும் வழிச்சிட்டீகளேக்கா! இருங்க, அடுத்த ஞாயித்துக்கெழம இருக்கு உங்களுக்கு" என்று எழுந்து டீ போடப் போனாள். அடுப்படியிலிருந்து அவள் என்னைத் திட்டுவது கேட்டது. வாய் நிறையத் திட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அரை மணி நேரத்தில் என் நாற்பது ரூபாயையும் வாங்கிவிட்டு, "சீனி கம்மியாப் போடுங்க" என்று என்னை அடுப்படிக்கு அனுப்பினாள். அவள் தன் மகனிடம் போய், ஜெயித்தேன் என்று சொல்லும்போது யாரும் அவளைப் பொய்க்காரி ஆக்க முடியாது.

இன்றும் அந்த நோட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கையாக எடுத்து யோசிக்கிறேன். எல்லா நாளும் நீ டீ ஆறுது என்று சொல்லியிருக்க மாட்டாய். சில கைகளாவது நான் ஜெயித்ததாகத்தான் இருக்கும். எவை என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்தி. பேச்சிக்குத் தெரியும், அவள் என்னை ஜெயித்தாள் என்று. நான் உன்னை ஒரு நாளாவது ஜெயித்தேனா என்று எனக்கு இனி எப்போதும் தெரியாது.